இருநூற்று எண்பத்து நான்கு வாரக் கரு

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு மரபணு ஒரு துறைக்குத்தான் சொந்தம். இதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால், முடிவு செய்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்று பதில் வரும். முடிவு மட்டும் ஓய்வு பெறவில்லை. மனித உடம்பில் ஏறக்குறைய இருபதாயிரம் மரபணுக்கள், நிறுவனத்தில் பத்தொன்பது துறைகள். பங்கு பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, பட்டியலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, வருஷத்துக்கு ஒரு முறை தூசி தட்டுகிறார்கள். ஒரே மரபணு இரண்டு வேலை பார்த்தால் என்ன செய்வது என்று ஒருவர் அந்தக் காலத்திலேயே கேட்டாராம். அவரையும் சீக்கிரமே ஓய்வு பெற வைத்துவிட்டார்கள்.

வம்பு வந்தது ஒரே ஒரு மரபணுவால். அதன் உண்மையான பெயர் நாலு எழுத்தும் ஓர் எண்ணுமாக வாயில் நுழையாமல் இருக்கும். நாம் வழிகாட்டி மரபணு என்றே வைத்துக்கொள்வோம். வயிற்றில் பிள்ளை வளரும்போது, மூளையில் முளைத்து நீளுகிற நரம்பு இழைகளிடம் ‘இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் தலை வைக்காதே’ என்று சொல்வது அதன் வேலை. ஆகவே அதை மூளை வளர்ச்சித் துறைக்கு எழுதி வைத்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து, நடைக்கூடத்தின் எதிர்ப்பக்கம் இருக்கிற புற்றுநோய்த் துறை ஒன்றைக் கண்டுபிடித்தது. அதே மரபணு பெரியவர்கள் உடம்பிலும் இருந்துகொண்டு, செல்களைப் பார்த்து ‘இருக்கிற இடத்திலேயே இரு’ என்று அதட்டுகிறது. அது தூங்கிப்போனால் கட்டி கிளம்பிப் பரவுகிறது. மரபணுவின் மேல் எந்தத் தப்பும் இல்லை. சின்ன வயதில் பார்த்த வேலையைப் பெரிய வயதிலும் பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து இரண்டு துறைகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் இருக்கும் கண்ணாடிக் கதவை இரண்டு பக்கமும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இது எதுவும் தெரியாமல், ஒரு புதன்கிழமை காலை எலக்ட்ரீஷியன் ஒருவர் அங்கே வந்து நின்றார். புது வீடுகளுக்கு ஒயரிங் செய்து கொடுப்பவர். ஐம்பதை நெருங்குகிற வயது. கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் மெழுகுக் கட்டி, மெழுகுக்குள் அவருடைய அக்காவின் குடலிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துணுக்கு.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். முப்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மீதிப் பேர் அவருக்குப் பயந்து பஸ்ஸில் போகிறார்கள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியதும் அவர்தான். போன மாதம் கட்டியை வெட்டி எடுத்த டாக்டர், இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். கட்டிக்குள் அந்த வழிகாட்டி மரபணு விழித்திருந்தால் மாத்திரை போதும். தூங்கிக்கொண்டிருந்தால் மறுபடி வயிற்றைத் திறந்து இன்னும் ஒன்றரை அடி குடலை எடுக்க வேண்டும். அடுத்த செவ்வாய் காலை ஆபரேஷனுக்கு இடம் பிடித்தாயிற்று. அதற்குள் ரிப்போர்ட் வராவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று வெட்டிவிடுவார்.

“வெட்டணும்னா வெட்டட்டும்டா,” என்றார் அக்கா. “ஆனா தெரியாம வெட்டக்கூடாது. கண்ண மூடிக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு.”

அந்த மரபணுவைச் சோதிக்கிற இடம் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான். மாதிரி வாங்கும் ஜன்னலில் ஒரு டெக்னீஷியன் அம்மா உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, நீலக் கையுறை, எதைக் கண்டும் ஆச்சரியப்படாத முகம். டப்பாவை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“இந்த மரபணு என்னதாங்க பண்ணும்?” என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“ஒயரிங்.”

“அப்ப சுலபம். சுவர் பூசறதுக்கு முன்னாடி குழாய்ல ஒயர் இழுப்பீங்க இல்ல? அந்த மாதிரி குழந்தை மூளையில ஒயர் இழுக்கும்போது, எந்த ஒயர் எங்க போகணும்னு இது சொல்லும். வேலை முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் இது வீட்டுலயே இருந்து, யாரும் சுவரை இடிச்சுக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போகாமப் பாத்துக்கும்.”

“நல்ல மரபணுவா இருக்கே.”

“மரபணு நல்லதுதான்,” என்றார் அந்த அம்மா.

“சோதிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“மூணு மணி நேரம்.”

“அப்ப மத்தியானம் வந்து வாங்கிக்கட்டுமா?”

அந்த அம்மா அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “சோதிக்கத்தான் மூணு மணி நேரம். யாரு சோதிக்கணும்னு முடிவு பண்ண எவ்வளவு நேரம்னு என்னால சொல்ல முடியாது. நாலாவது ரூமுக்குப் போங்க.”

நாலாவது அறையில் புற்றுநோய்த் துறையின் தலைவி இருந்தார். நிறுவனத்தில் சுருக்கமாகக் கட்டித் தலைவி என்பார்கள். நாலு சுவரிலும் அந்த ஒரே மரபணுவைப் பற்றிய கட்டுரைகள்.

“இதைப் பத்தி நாங்க இருநூத்துப் பன்னெண்டு கட்டுரை எழுதியிருக்கோம்,” என்றார் அவர். “எங்களை விட அதிகமாத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது.”

“அப்ப சோதிச்சுக் கொடுங்கம்மா.”

“தொடக்கூடாது. அது எங்களோடது இல்ல.”

“கட்டி?”

“கட்டி எங்களோடது. உள்ள இருக்கிற மரபணு மூளைப் பக்கத்தோடது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. கட்டியை இங்க விட்டுட்டு, மரபணுவை மட்டும் அவங்ககிட்டக் கொண்டு போங்க.”

எலக்ட்ரீஷியன் நேர்மையான மனிதர். சொன்ன வேலையை எப்படிச் செய்வது என்று ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு நடைக்கூடத்தைச் சுற்றி, இரண்டு மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். கதவு திறந்திருந்தால் ஆறு அடி.

மூளைப் பக்கத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். “மூளையிலேர்ந்து எடுத்ததா?”

“குடல்லேர்ந்துங்க.”

“நோயாளிக்கு மூளை உண்டா?”

“உண்டு. கொஞ்சம் அதிகமாவே.”

“வளர்ந்துக்கிட்டு இருக்கா?”

எலக்ட்ரீஷியன் தயங்கினார். இல்லை என்று சொன்னது அக்கா காதுக்குப் போனால் பிறகு நடமாட முடியாது. “இருக்குன்னுதான் நினைக்கிறேன்.”

“அப்படின்னா ஃபார்ம் உண்டு,” என்று எழுத்தர் நாலு பக்க விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். “எந்தக் கட்டத்தையும் வெறுமையா விடக்கூடாது. விட்டா முதல்லேர்ந்து.”

முதல் கட்டத்தில் ‘கருவின் வயது, வாரங்களில்’ என்று இருந்தது. எலக்ட்ரீஷியன் திகைத்துப்போனார். ஆனால் அக்காவின் குடல் ஒன்றரை அடி போகாமல் இருக்க வேண்டும் என்றால் எந்தக் கட்டத்தையும் நிரப்பத் தயாராகத்தான் வந்திருந்தார். போனை எடுத்துக் கணக்குப் போட்டார். ஐம்பத்து நாலு வருஷத்தை ஐம்பத்திரண்டால் பெருக்கி, வயிற்றில் இருந்த நாற்பதையும் சேர்த்ததில் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு வந்தது. கட்டத்தில் மூன்று எண்ணுக்குத்தான் இடம். எழுத்தரிடம் கேட்டார். “வர்ற வரைக்கும் எழுதுங்க,” என்றார் எழுத்தர். இருநூற்று எண்பத்து நாலு வரைக்கும் வந்தது. கடைசி எட்டுக்கு இடம் இல்லை.

‘கருவின் அசைவுகள்’ என்ற இடத்தில், தினமும் நாலு மணி நேரம் கார் ஓட்டுகிறார் என்று எழுதினார். ‘வெளிச் சத்தத்துக்குக் கரு எதிர்வினை காட்டுகிறதா?’ என்பதற்கு, பின்னால் ஹார்ன் அடித்தால் இறங்கிப் போய்த் திட்டுவார். ‘கரு எந்த நிலையில் உள்ளது?’ என்பதற்கு, பக்கத்து சீட்டில், காலடியில் பிரேக்குடன். கடைசியில் காப்பாளர் கையெழுத்து. அதையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வியாழக்கிழமை அந்த விண்ணப்பம் மூளைத் தலைவரின் மேஜைக்குப் போனது. அவர் அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது முறையும் படித்தார். துறையில் இருந்த பன்னிரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“முப்பது வருஷமா நான் காத்துக்கிட்டு இருந்த கரு இது,” என்றார். விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினார். “இருநூத்து எண்பத்து நாலு வாரம். இன்னும் பிறக்கல.”

ஓர் ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, வழக்கமா நாற்பது வாரம்தானே?”

“அதனாலதான் இது முக்கியம். எல்லாரும் நாற்பதுல பிறந்துடறாங்க. அதுக்குள்ள நம்மால எதையும் ஒழுங்கா ஆராய முடியறதில்ல. இந்தக் கரு நமக்காகக் காத்திருக்கு.”

“கார் ஓட்டுதுன்னு எழுதியிருக்கே ஐயா.”

“அசைவுகள் சிக்கலா இருக்குன்னு அர்த்தம். நரம்புக்கு யாரோ நல்லா வழி காட்டியிருக்காங்க. யாரு? நம்ம மரபணு.”

பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். மத்தியானத்துக்குள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்து, யார் பெயர் முதலில் வரும் என்பதில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூளைத் தலைவரே எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார். “கருவைப் பத்திரமாப் பாத்துக்கங்க. அதிர்ச்சியான செய்தி எதுவும் சொல்லாதீங்க.”

ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கேஸ் என்கிறார்களே, இங்கே கரு என்பார்கள் போலிருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் நினைத்துக்கொண்டார். அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அக்காவிடம் போய், “உன்னை நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்கக்கா. நல்ல மனுஷங்க,” என்றார்.

“ரிப்போர்ட் எப்பத் தர்றாங்களாம்?” என்று கேட்டார் அக்கா.

அதைக் கேட்க மறந்திருந்தார். வெள்ளிக்கிழமை கேட்கப் போனபோது நடைக்கூடமே இரண்டுபட்டுக் கிடந்தது. மூளைப் பக்கம் ஏதோ பெரிய கரு சிக்கியிருக்கிறது என்ற செய்தி எதிர்ப்பக்கம் போய், கட்டித் தலைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு தலைவர்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அன்றுதான்.

“அந்தக் கருவுக்குள்ள கட்டி இருக்கு,” என்றார் அவர் கண்ணாடி வழியாக. “கட்டி எங்களோடது. அப்படின்னா கருவும் எங்களோடது.”

“கட்டியைச் சுத்திக் கரு இருக்கு,” என்றார் இவர். “சுத்தி இருக்கிறதுதான் பெரிசு.”

புதன்கிழமை யாருக்கும் வேண்டாமல் இருந்த மெழுகுக் கட்டி இது. கடைசியில் ஒருங்கிணைப்பு அலுவலரை வரவழைத்தார்கள். இரண்டு துறைகளையும் ஒருங்கிணைப்பதற்கென்றே பதினோரு வருஷமாக ஓர் அலுவலர் இருந்தார். டப்பாவை வாங்கித் தன் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, கதவின் மேல் காகிதம் ஒட்டினார். இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டால்தான் இனி அலமாரி திறக்கும்.

“இப்ப சமாதானம் ஆயிடுச்சு,” என்றார் எலக்ட்ரீஷியனிடம். “என் வேலையே இதுதாங்க. ரெண்டு பக்கமும் சந்திக்காமப் பாத்துக்கறேன். சந்திச்சா ஒத்துழைப்பு கெட்டுடும்.”

“எப்பத் திறப்பீங்க?”

“கையெழுத்து வந்தா.”

“இதுக்கு முன்னாடி வந்திருக்கா?”

“இதுக்கு முன்னாடி வச்ச டப்பா இன்னும் உள்ளதான் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் வச்சது. ரொம்ப பத்திரமா இருக்கு.”

எலக்ட்ரீஷியன் விரல் விட்டு எண்ணினார். செவ்வாய்க்கு இன்னும் மூன்றே நாள்தான் நடுவில். அலுவலர் அவர் தோளைத் தட்டி, திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டுக் கூட்டம் என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கருவையும் தாயாரையும் தவறாமல் அழைத்து வரவும் என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா அதை டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்று படித்தார். “அம்மாவை எங்கேர்ந்துடா கூட்டிட்டு வர்றது?”

“கேட்டேன்க்கா. அம்மா இல்லாட்டி காப்பாளர் வரலாமாம். உனக்குக் காப்பாளர் நான்தான்னு போட்டிருக்காங்க.”

“உனக்குத்தாண்டா நான்.”

“ஃபார்ம்ல மாறிப்போச்சு.”

திங்கட்கிழமை கூட்ட அறையில் நீளமான மேஜை, ஒரு பக்கம் மூளை, ஒரு பக்கம் கட்டி. தலைமாட்டில் இயக்குநர். மூலையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஒரு கண்ணாடித் தொட்டில் தயாராக இருந்தது. அக்கா நேராக வந்து, கைப்பையை மேஜை மேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தாயார் வந்துட்டாங்க,” என்று இயக்குநர் மகிழ்ந்தார். “கருவைக் கொண்டு வரலாமே.”

“வந்தாச்சு. நான்தான்.”

மூளைத் தலைவர் எழுந்து அக்காவை ஒரு முறை சுற்றி வந்தார். மனிதர் சோர்ந்துவிடவில்லை. “வயசு?”

“ஐம்பத்து நாலு.”

“வாரத்துல சொல்லுங்க.”

தம்பி எழுந்து கணக்கைச் சொன்னார். எழுத்தர் கட்டத்தில் இடம் போதாமல் போனதை ஒப்புக்கொண்டார். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள்.

“ஃபார்ம் தப்பா இருக்க வாய்ப்பில்ல,” என்றார் இயக்குநர். “இருப்புல இன்னும் நாலாயிரம் இருக்கு. ஆகவே அது தீர்ற வரைக்கும் இவங்களை இருநூத்து எண்பத்து நாலு வாரக் கருன்னே வச்சுக்கலாம். ஆட்சேபணை உண்டா?”

யாருக்கும் இல்லை. அக்காவுக்கு இருந்தது. ஆனால் கருவுக்கு வாக்கு கிடையாதாம்.

மூளைத் தலைவர் பேச எழுந்தார். “இந்த மரபணுவுக்கு முதல் வேலை கொடுத்ததே நாங்கதான். நரம்புக்கு வழி சொல்ற வேலை. அது முடிஞ்சதும் மரியாதையா ஓய்வு எடுக்கணும். அதை விட்டுட்டு ஐம்பத்து நாலு வயசுல குடல்ல போய் வேலை பாக்குதுன்னா, யார்கிட்ட அனுமதி வாங்குச்சு? இன்னிக்கு ஒரு மரபணு இப்படிப் போச்சுன்னா நாளைக்கு எல்லா மரபணுவும் இஷ்டத்துக்குப் பயன்பட ஆரம்பிச்சுடும்.”

கட்டித் தலைவி உட்கார்ந்தபடியே பேசினார். “அது ஒழுங்கா வேலை பாத்தா கட்டி பரவாது. கட்டி பரவாட்டி எங்க துறை எதுக்கு? அதனால எங்க துறையோட எதிர்காலத்தைக் காப்பாத்தணும்னா அந்த மரபணு எங்க கட்டுப்பாட்டுல இருந்தாகணும். நோயாளிங்க நலனும் இருக்கு. அது பின்னிணைப்புல இருக்கு.”

“நாளைக்குக் காலையில என் வயித்தைத் திறக்கப் போறாங்க,” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாதபோதுதான் அவரிடம் கற்றுக்கொள்கிறவர்கள் பயப்படுவார்கள். “திறக்கணுமா வேண்டாமான்னு உங்க மூணு மணி நேர வேலை சொல்லும். அதைச் செய்ய மாட்டீங்களா?”

இயக்குநர் மிகவும் வருத்தப்பட்டார். “அம்மா, இந்த நிறுவனம் இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் எதையும் மறுத்ததில்ல. தாமதப்படுத்தியிருக்கோம். அதுல நோயாளிங்க சில பேர் குறைஞ்சிருக்கலாம், ஆனா மறுப்புன்னு ஒண்ணு எங்க பதிவேட்டுலயே கிடையாது.”

பிறகு அவரே ஒரு தீர்வும் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி அந்த மரபணு மூளைக்கு. செவ்வாய், வியாழன், சனி கட்டிக்கு. ஞாயிறு அது யாருக்கும் வழி காட்ட வேண்டாம். இது எல்லோருக்கும் பிடித்துப்போனது. அன்று திங்கட்கிழமை என்பதால் மூளைப் பக்கம் உடனே சோதிக்கலாம். எலக்ட்ரீஷியன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு டெக்னீஷியன் அம்மா வந்தார். “நிறம் ஏத்துற மெஷின் வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஓடல. யாராவது ஆள் அனுப்பணும்.”

மரபணுச் சோதனை நடப்பது இதில்தான் என்பதால், இந்த மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு துறைகளும் சேர்ந்து வாங்கிய ஒரே பொருள் அது. ஆகவே நடைக்கூடத்தின் நட்ட நடுவில் நின்றது. பிளக் மூளைப் பக்கம், தண்ணீர்க் குழாய் கட்டிப் பக்கம். கெட்டுப்போனால் மின்சாரக் கோளாறா, தண்ணீர்க் கோளாறா என்று முதலில் ஒரு குழு முடிவு செய்ய வேண்டும். மூளைத் தலைவர் தண்ணீர் என்றார். கட்டித் தலைவி மின்சாரம் என்றார். குழுவுக்கு யார் தலைவர் என்ற பேச்சு தொடங்கியபோது மணி பதினொன்றரை.

“நான் பாக்கட்டுங்களா?” என்றார் எலக்ட்ரீஷியன்.

“உங்க துறை எது?” என்று இயக்குநர் கேட்டார்.

“ஒயரிங். ஒரே லைன் சமையலறைக்கும் போகும், குளியலறைக்கும் போகும். எந்த ரூமுக்குச் சொந்தம்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்லைங்க.”

எந்தத் துறையையும் சேராதவர் என்பதால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் ஒருமனதான தீர்மானம் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். கூட்டம் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு, அடுத்து ரிப்போர்ட்டின் மேல் எந்தத் துறையின் முத்திரை வர வேண்டும் என்ற விஷயத்துக்குப் போனது.

நடைக்கூடத்தில் எலக்ட்ரீஷியன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஓர் ஒயர் கழன்று கிடந்தது. திருகாணியை முறுக்கி மாட்டினார். மெஷின் முனகிக்கொண்டு எழுந்தது. நாலு நிமிட வேலை.

“இப்ப என்னங்க?” என்றார்.

“பழுது பார்த்தப்புறம் ஓட்டிப் பாக்கணும், அது விதி,” என்றார் டெக்னீஷியன் அம்மா. “ஏதாவது ஒரு தசைத் துண்டு வச்சு முழுசா ஓட்டணும். மெஷின் சரியா இருக்குன்னு மூணு சீட்டு வரும். ஒண்ணு மெஷின் ஃபைலுக்கு, ஒண்ணு இயக்குநருக்கு, ஒண்ணு பழுது பார்த்தவருக்கு. நிறம் பிடிச்ச துண்டையும் பழுது பார்த்தவர்கிட்டயே கொடுத்துடணும், அத்தாட்சிக்கு. இதுக்கு யாரோட கையெழுத்தும் வேண்டாம். எழுதினவங்க இதை மறந்துட்டாங்க போல.”

எலக்ட்ரீஷியன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “எந்தத் துண்டு வேணா வைக்கலாமா?”

“எதுன்னு விதியில சொல்லல.” அந்த அம்மா இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் மூச்சுப் பட்டால் பறந்துவிடும் போல ஒரு சீவல். “புதன்கிழமை உங்க டப்பாவை வாங்கினதுமே சீவி வச்சுட்டேன். அலமாரிக்குள்ள போயிடும்னு எனக்குத் தெரியும். பழக்கம்தான்.”

எலக்ட்ரீஷியனுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா அதைக் கவனிக்காதவர் போல மெஷினின் மூடியைச் சாத்தினார்.

மூன்று மணி நேரம் மெஷின் ஓடியது. கூட்ட அறையில் முத்திரை வட்டமா சதுரமா என்பது வரை முன்னேறியிருந்தார்கள். மூன்று மணிக்குத் துண்டு வெளியே வந்தது. அந்த அம்மா அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னார். பழுப்பாகத் தெரிந்தால் மரபணு விழித்திருக்கிறது, வெறும் நீலம் என்றால் தூங்குகிறது.

“நடுவுல பழுப்பா இருக்கு,” என்றார் எலக்ட்ரீஷியன். “ஓரத்துல நீலமாவும் இருக்கே. எதுங்க கணக்கு?”

“அதை உங்க டாக்டர்தான் சொல்லணும். விதி தடுக்குதுன்னு இப்படிச் சொல்லல. எனக்கு நிச்சயமாத் தெரியல. தெரியாததை நிச்சயமாச் சொல்றது எல்லாம் அந்த ரூம்ல நடக்குது.” துண்டைப் பஞ்சில் சுற்றி, சீட்டோடு அவர் கையில் கொடுத்தார். “அக்காவைக் கூட்டிக்கிட்டு நேரா வெளிய போங்க. யாராவது கூப்பிட்டாத் திரும்பாதீங்க.”

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்கா ஆபரேஷன் அங்கியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சீட்டைப் பார்த்தார். “இது மெஷின் பழுது பார்த்த சீட்டாச்சே.”

“ஆமா டாக்டர். மெஷின் நல்லா இருக்கு,” என்றார் எலக்ட்ரீஷியன். “துண்டு அக்காவோடது.”

டாக்டர் எதுவும் கேட்காமல் பஞ்சைப் பிரித்து, துண்டை எடுத்துக்கொண்டு கீழே மைக்ராஸ்கோப் அறைக்குப் போனார். ஏழு மணி ஆயிற்று. தள்ளு கட்டிலைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். நர்ஸ் வந்து அக்காவின் கடிகாரத்தையும் வளையலையும் கழற்றித் தம்பியிடம் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா போன அன்று கூட அவர் இவ்வளவு பயப்படவில்லை. அன்று பக்கத்தில் அக்கா இருந்தார். இன்று அக்காவையே உள்ளே கொண்டு போகப் போகிறார்கள்.

“எதுக்குடா இப்படி நிக்கற?” என்றார் அக்கா. “உள்ள போனா ரெண்டு மணி நேரம், வெளிய வந்துடுவேன்.” ஆனால் அவர் கையும் கட்டில் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

ஏழு இருபதுக்கு டாக்டர் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. “ஓரத்துல நீலமா இருக்கிறது கட்டியே இல்ல, பக்கத்துக் கொழுப்பு. கட்டி முழுக்கப் பழுப்பு. நான் ரெண்டு தடவை பாத்தேன், இன்னொருத்தரையும் பாக்கச் சொன்னேன். முழிச்சிருக்கு. ஆபரேஷன் வேண்டாம். துணியை மாத்திக்கிட்டு வீட்டுக்குப் போங்க, மாத்திரை எழுதித் தர்றேன்.”

அக்கா தம்பியிடம் கையை நீட்டினார். வளையலை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். ஒன்றைப் போட மூன்று தரம் முயன்றார்.

ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கும்போது எலக்ட்ரீஷியனின் போன் அடித்தது. ஒருங்கிணைப்பு அலுவலர். முத்திரை விஷயம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதாகவும், இன்று செவ்வாய் என்பதால் மரபணு கட்டிப் பக்கம் மாறிவிட்டதாகவும், பத்து மணிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதாகவும் சொன்னார். “கரு வரும் இல்லையா?”

அக்கா போனைப் பிடுங்கினார். “கரு வீட்டுக்குப் போகுது,” என்று சொல்லி அணைத்துவிட்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத வேகத்தில் நாலு படி இறங்கிய பிறகுதான் தம்பி கூட வரவில்லை என்று கவனித்தார். திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர் படிக்கட்டின் நடுவில் நின்று, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிப் போக முடியாமல் தேங்கி நின்றார்கள்.

அக்கா மறுபடி மேலே ஏறி வந்தார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. தம்பியின் முழங்கையைப் பிடித்துக் கைப்பிடிச் சுவர் பக்கமாக நகர்த்தி நிறுத்தினார்.

“அழுதுக்கோடா, யார் வேண்டாம்னது,” என்றார். “ஓரமா நின்னு அழு. பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடு.”